பந்த் சிங்கின் குரலும் டப் இசையும்



ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒடுகத்தூரில் நின்றுகொண்டு ஜமைக்கா இசையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், காய்ச்சிய பறையை அடிக்கும்போது அது காதுக்கு மட்டுமா கேட்கிறது, நெஞ்சுக்கூட்டிலும் இடிக்கிறதல்லவா? டப் இசைக்குள் நுழைய அந்த அனுபவம் போதும்.

ரெகே 1960களின் இறுதியில் ஜமைக்காவில் உருவானது. அதற்கு முன்பிருந்தே கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் கறுப்பின மக்கள், தெருவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டு ஆடிவந்தார்கள். நம் மைக் செட் மாதிரிதான். அங்கே அதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். அந்தப் பெட்டிகளுக்காகவே பிறந்தது டப். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கிங் டப்பி, ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுது பார்த்தவர். ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுப்பார், கித்தாரை எடுப்பார். டிரம்மும் பேஸும் முன்னே வரும். எடுத்த குரலில் ஒரு துண்டை மட்டும் எதிரொலியோடு திரும்ப விடுவார். ஒலிக்கலவை மேசைதான் அவருக்கு வாத்தியம்.

இந்த இசை பஞ்சாபின் ஒரு தலித் வீட்டுக்கும் வந்தது. மான்சா மாவட்டம் புர்ஜ் ஜப்பர் கிராமத்துப் பந்த் சிங் தலித் சீக்கியர், விவசாயத் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர், புரட்சிக் கவிஞர் சந்த் ராம் உதாசியின் பாடல்களைப் பாடுபவர். தம் மகளைப் பாலியல் வன்கொடுமை செய்தவர்களை, மிரட்டலுக்கும் பேரத்துக்கும் பணியாமல் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கிக்கொடுத்தார். அதற்குப் பழியாக 2006 ஜனவரியில் ஆதிக்கச் சாதியினர் அவரை அடித்து நொறுக்கினார்கள். இரண்டு கைகளும் ஒரு காலும் போயின. மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் பாடினார்.

சில ஆண்டுகள் கழித்து ‘வேர்ட் சவுண்ட் பவர்’ என்ற கூட்டு அவரைத் தேடிப் போனது. டெல்லி சுல்தனேட் என்ற பெயரில் பாடும் தாரு டால்மியா, கிறிஸ் மெக்கின்னஸ், சம்ராட் பி ஆகியோர் அதில் இருந்தார்கள். நிரந்தர இசைக்குழு அல்ல. ஒரு வேலைக்காகச் சேர்ந்தவர்கள். பந்த் சிங்கின் பாடலைப் பதிவு செய்து, டப், ரெகே, மின்னணு இசையோடு சேர்த்தார்கள். ‘பந்த் சிங் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் அது இசைத்தொகுப்பாகவும் ஆவணப்படமாகவும் வந்தது.

டப்பில் முதலில் போவது பாடகர் குரல். இந்தத் தொகுப்பிலோ அந்தக் குரல்தான் ஆதாரம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. எதை வைப்பது, எதை எடுப்பது என்ற அதிகாரம் கலவை மேசையில் இருக்கிறது. மேசையில் இருந்தவர்கள் நகரத்துக் கலைஞர்கள். அவர்களுடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. மேசை யாரிடம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இந்த இடத்தில்தான் ஓரடி முன்னே போனது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் முன்முயற்சி, டென்மாவின் இசை. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற கருத்திலிருந்து வந்தது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். வடசென்னைக் கானா பாடகர்கள் அங்கே யாரோ எடுத்துப்போன மாதிரிக் குரலாக இல்லை, அவர்களே குழு.

உங்களில் சிலர் ஊரில் பறையையும் சாவுப்பாட்டையும் கைபேசியில் பதிவு செய்கிறீர்கள். பாடியவர் பெயரை அதிலேயே சொல்லவையுங்கள். கணினியில் வெட்டி ஒட்ட உட்காரும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எதை எடுக்கலாம் என்று கேளுங்கள்.