இலாயத்தை நாடும் குதிரை

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி வழங்குகிறது. இலாயம் என்றால் ஓடுவதும், திறந்தவெளி என்றால் நின்றுவிடுவதுமான ஒரு குதிரையை நாங்கள் செம்பூரில் அறிவோம். அதன் கதையை நேயர்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. ஏனெனில் அதற்கு நேர்ந்த துன்பத்துக்கு எங்கள் நல்லெண்ணமே காரணமாயிற்று.

அது ஒரு வெள்ளைப் பெண் குதிரை. வடநாட்டார் திருமணங்களில் மாப்பிள்ளையைச் சுமந்து, பாண்டு வாத்தியத்துக்கும் வெடிகளுக்கும் நடுவே அசையாமல் நடந்து செல்வது அதன் தொழில். இரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில், தகரக் கூரையின்கீழ், இரண்டு பக்கச் சுவர்களை ஒருசேரத் தொட்டுவிடலாம் போன்ற அகலமுள்ள கொட்டிலில் அது வாழ்ந்துவந்தது. நாள்தோறும் அவ்வழியே கடைக்கும் கோவிலுக்கும் செல்லும் எங்கள் குடியிருப்பினர், குழந்தைகளைத் தூக்கி அதைக் காட்டுவதும், வாழைப்பழத் தோலை அதற்கு ஊட்டுவதும் வழக்கம். அதைக் காணும்போதெல்லாம், ‘பாவம், பச்சைப் புல்லைக் காணாத பிறவி’ என்று எங்களுள் யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை.

மழைக்காலத்து நான்கு மாதங்களில் வடநாட்டார் திருமணம் நடத்துவதில்லை. குதிரைக்கு வேலையில்லை, உடையவருக்கு வருமானமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு மழைக்காலத் தொடக்கத்தில், கர்ஜத் பக்கம் அவருடைய உறவினருக்கு நிலம் இருப்பதை அறிந்த நாங்கள், குதிரையை அங்கே கொண்டுபோய் மேய விடும்படி அவரை வற்புறுத்தினோம். அவர் தயங்கினார். தம் குதிரைக்கு வெளி பிடிக்காது என்றார். நாங்கள் சிரித்தோம். குதிரைக்குப் புல்வெளி பிடிக்காமலா போகும்! டெம்போ வாடகையில் ஒரு பங்கை நாங்களே திரட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மூன்றே வாரத்தில் குதிரை திரும்பி வந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மார்பில் கம்பி வேலி கிழித்த நீண்ட காயம். அங்கே இருந்த நாட்களில் அது மேயவே இல்லையாம்; வாயிற்படலை ஒட்டி மேலும் கீழுமாக நடந்து, அந்த இடத்தைச் சேற்று வாய்க்காலாக்கி, இரவும் பகலும் கனைத்துக்கொண்டே இருந்ததாம். டெம்போவிலிருந்து இறக்கியதும் தன் கொட்டிலுக்குள் ஓடி, தொட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உடையவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த வியப்பும் குற்ற உணர்வும்தான் எங்களை மகாலட்சுமிப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றன. 1883-இல் அமைந்த அத்திடல் பந்தயம் ஆடுவோருக்கு மட்டும் உரியதன்று. காலை உலாவ வருவோரும் அதன் நடுவெளியில் நடந்துவிட்டுப் போகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே பந்தயக் காலம். மழைக்காலத்தில் பந்தயம் புணேக்கு மாறும். விடியற்காலையில் வேலியருகே நின்று பார்த்தால் ஒன்று தெரியும். ஓடுகளத்துக்குப் போகும் குதிரையின் நடையும், இலாயத்துக்குத் திரும்பும் குதிரையின் நடையும் ஒன்றல்ல. திரும்பும்போது காது முன்னே நிமிர்கிறது, அடி நீள்கிறது, கயிற்றைப் பிடித்திருப்பவர் பின்னோக்கிச் சாய்ந்து நடக்கிறார்.

குதிரையைப் பேணுவோரை இங்கே சாயிஸ் என்பர். கிண்டியில் தொடங்கி மகாலட்சுமியில் ஓய்வு பெற்ற தமிழ்நாட்டுச் சாயிஸ் ஒருவர், இப்போது தாராவித் தொண்ணூறு அடிச் சாலையில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரைத் தேடிப் போய் எங்கள் வெள்ளைக் குதிரையின் கதையைச் சொன்னோம். அவர் கேட்ட கேள்விகள் நான்கே.

“அங்கே வேறு குதிரை இருந்ததா, தம்பி?”

இல்லை.

“இலாடத்தைக் கழற்றிவிட்டா அனுப்பினார்கள்?”

ஆம், மேய்கிற குதிரைக்கு இலாடம் எதற்கு என்று கழற்றிவிட்டார்கள்.

“வெளியில் நிழலுக்கு ஒதுங்க ஏதாவது இருந்ததா? கொள்ளும் வைக்கோலும் தின்ற குதிரையை ஒரே நாளில் பச்சைப் புல்லில் விட்டார்களா?”

முன்னதற்கு இல்லை என்றும், பின்னதற்கு ஆம் என்றும் சொல்லவேண்டியிருந்தது. பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் அது வெளியை வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. நீங்கள் கொடுத்த வெளியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது” என்றார்.

அவர் அன்று விளக்கியதையும், பின்னர் நாங்கள் நூல்களில் படித்ததையும் சேர்த்துத் தருகிறோம்.

குதிரை கூட்டமாக வாழ்ந்து பழகிய பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் அஞ்சி ஓடியே உயிர் பிழைத்த இனம் அது. நின்றபடியே உறங்க வல்லதாயினும், ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். படுப்பதற்கோ அச்சமின்மை வேண்டும். கூட்டத்தில் ஒன்று படுத்திருக்க மற்றொன்று நின்று காவல் காக்கும். தனியே திறந்தவெளியில் விடப்பட்ட குதிரைக்குக் காவல் ஏது? நான்கு சுவரும் பழகிய வாசனையும் அதற்குக் காவலாகிவிடுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். கொட்டிலில் வாழ்ந்த குதிரைகளை வெளியே விட்டு, எப்பொழுது திரும்புவது என்பதை அவற்றின் விருப்பத்துக்கே விட்டுப் பார்த்தபோது, தனியே விடப்பட்டவை ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் கொட்டிலை நாடின; துணையோடு விடப்பட்டவை ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு நேரம் தங்கின.

அடுத்தது கால். கற்சாலையிலும் தார்ச்சாலையிலும் இலாடத்தோடு நடந்த குதிரையின் குளம்படி மென்மையாகவே இருக்கும். இலாடத்தைக் கழற்றிய மறுநாளே செம்பாறைச் சரளை நிறைந்த கர்ஜத் மண்ணில் அதை நடக்கச் சொல்வது, செருப்பறியாத கால் என்று ஒன்று இல்லாத நம் பட்டணத்துப் பிள்ளைகளை முள்ளுக்காட்டில் ஓடச் சொல்வது போன்றதே. வலிக்கிற குதிரைக்கு ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. வைக்கோல் பரப்பிய கொட்டிலை நோக்கித் திரும்பி நிற்கும், அவ்வளவுதான். மழைச்சேற்றிலேயே நின்றால் குளம்பின் அடி அழுகுவதும் உண்டு.

ஈயையும் சாதாரணமாக எண்ணலாகாது. மழைக்காலத்தில் குதிரையைக் கடிக்கும் பெரிய ஈக்கள், சர்ரா எனப்படும் இரத்த நோயையும் பரப்புகின்றன. அந்நோய்க் கிருமியை கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880-இல் கண்டறிந்தது, அன்றைய இந்தியாவின் வடமேற்கில், தேரா இஸ்மாயில்கானில்தான். நிழலும் ஒதுக்கிடமும் இல்லாத வெளியில் நண்பகல் முழுவதும் நிற்கும் குதிரை இலாயத்தை நினைப்பதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது!

வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. குதிரையின் உடலுக்கு இரைப்பை சிறியது. அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே இயற்கையில் அது நாளுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் சிறுகச் சிறுக மேய்கிறது. பந்தயக் குதிரைக்கோ இரண்டு மூன்று வேளைத் தீனி. மற்ற நேரமெல்லாம் வெறும் வயிறு. பந்தயக் குதிரைகளுள் மிகப் பலவற்றுக்கு இரைப்பையில் புண் இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். கொட்டிலிலேயே அடைபட்ட குதிரை சில வேளைகளில் மரத்தைக் கடித்துக்கொண்டு காற்றை விழுங்கும். சில, கதவருகே நின்று தலையை இப்படியும் அப்படியும் மணிக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அது விளையாடுகிறது என்று நினைப்பர். எங்கள் வெள்ளைக் குதிரையும் அவ்வாறு ஆடியதுண்டு. அதைக் கண்டு எங்கள் குழந்தைகள் கைதட்டியதும் உண்டு.

ஆக, இலாயத்தை நாடுகிறது என்பதனால் இலாயத்தில் அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் பிழையே. இந்தப் பிழையில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு. பாண்டிய நாட்டு மன்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வரவழைத்தனர். அவற்றுள் மிகச் சிலவே ஆண்டு முடிவில் மிஞ்சின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை என்றும், வேகவைத்த இறைச்சியும் சோறும் அவற்றுக்கு ஊட்டினர் என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு செய்தி சொல்கிறார்: வந்திறங்கிய குதிரைகள் கொழுக்கவேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கொட்டிலிலேயே கட்டிவைத்தார்களாம், பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டினார்களாம், காற்றாய்ப் பறந்தவை சில காலத்திலேயே மந்தமும் சோர்வும் உற்றுப் பயனற்றுப் போயினவாம். அயல்நாட்டார் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் நாற்பது நாள் கட்டுண்டு நின்ற குதிரையை அவிழ்த்துவிட்டிருந்தால், அதுவும் கொட்டிலுக்கே திரும்பியிருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

நாம் வாழும் இந்நகரமும் குதிரையால் ஓடிய நகரமே. தாதர் டி.டி. என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயரில் தங்கிவிட்ட டிராம் வண்டியை 1874-இல் இங்கே முதலில் இழுத்தவை குதிரைகள்; மின்சார டிராம் 1907-இல்தான் வந்தது. கடைசியாக மிஞ்சியவை கடற்கரையில் வெள்ளித் தகடு மின்ன ஓடிய விக்டோரியா வண்டிகள். அவற்றில் உல்லாச உலா செல்வது சட்ட விரோதம் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2021-இல் அதே வடிவில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. தீர்ப்பை நாங்கள் வரவேற்றோம்; இன்றும் வரவேற்கிறோம். ஆனால் வண்டியிலிருந்து அவிழ்த்த குதிரையைப் புல்லில் கொண்டுபோய் விட்டால் போதும் என்று அப்போது பேசியவர்களுள் நாங்களும் இருந்தோம். அது போதாது என்பதை எங்களுக்குக் கற்பித்தது செம்பூர்ச் சந்தில் இருந்த ஒற்றைக் குதிரை. (காலா கோடாவில் 2017-இல் நிறுவிய, சவாரிக்காரன் இல்லாத கருங்குதிரைச் சிலை ஒன்றுக்குத்தான் இந்நகரில் இலாயக் கவலையே இல்லை.)

பெரியவரின் யோசனைப்படி, சென்ற ஆண்டு மழைக்கு முன்பே உடையவர் தொடங்கினார். எங்கள் பேச்சை அவர் மறுபடியும் கேட்டதே பெரிது. முதலில் கால்நடை மருத்துவர் வந்து பல்லையும் குளம்பையும் பார்த்தார். இலாடத்தைக் கழற்றிய பின்பு, ஒரு மாதம் மண் தரையில் சிறிது சிறிதாக நடக்கவிட்டார்கள். கொள்ளைக் குறைத்து, நாளுக்கு ஒரு பிடியாகப் பச்சைப் புல்லைக் கூட்டினார்கள். கர்ஜத்தில் உறவினர் நிலத்தின் ஓரத்தில் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை ஒன்று எழும்பிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஊரில் சுமை இழுத்து ஓய்ந்த கிழட்டு மட்டக்குதிரை ஒன்று துணையாக வந்து சேர்ந்தது.

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும், அதுவும் ஈ கிளம்பாத விடியலில், இரண்டையும் சேர்த்து விட்டார்கள். கொள்ளு வைப்பதைக் கொட்டகையிலிருந்து வெளிப்புறத்துக்கு மாற்றினார்கள்; உள்ளே வந்தவுடன் தீனி கிடைத்தால் உள்ளே வருவதிலேயே அதன் மனம் இருக்கும் என்பது பெரியவரின் கணக்கு. வெள்ளைக் குதிரை முதல் சில நாட்கள் படலண்டை நின்று கனைக்கவே செய்தது. கிழட்டுக் குதிரையோ அதைச் சட்டை செய்யாமல் மேய்ந்தது. ஒருநாள் வெள்ளைக் குதிரையும் தலையைத் தாழ்த்தியது.

நார்வே நாட்டில் 23 குதிரைகளுக்கு அடையாளப் பலகைகளை மூக்கால் தொட்டு, போர்வை வேண்டும், வேண்டாம் என்று தெரிவிக்கக் கற்பித்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குளிர் மழையில் போர்வையைக் கேட்டு வாங்கிய அக்குதிரைகள், வெயில் காலத்தில் அதை எடுத்துவிடச் சொன்னவாம். எங்கள் குதிரைக்குப் பலகை ஏதும் இல்லை. அதற்குப் பதிலாகக் கொட்டகையின் திறந்த பக்கத்தில் கதவு வைக்கவேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் குழந்தைகளோடு கர்ஜத்துக்குப் போயிருந்தோம். காயத்தின் தழும்பு மட்டும் மார்பில் ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைக்காமல் இருந்தது. எங்களைக் கண்டு அது ஓடி வரவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. பத்தரை மணி வரை மேய்ந்தது. வெயில் ஏறி ஈ மொய்க்கத் தொடங்கியதும், யாரும் அழைக்காமலே, மெல்ல நடந்து கொட்டகைக்குள் போயிற்று. சிறிது நேரத்தில் கிழட்டுக் குதிரையும் போய் அதன் அருகில் நின்றது. மழை பிடித்துக்கொள்ளுமுன் நாங்கள் இரயிலுக்குப் புறப்படும்போது இரண்டும் மறுபடி வெளியே வந்திருந்தன.