ஒப்பமிடுமுன் ஒரு வார்த்தை

கரையான்சாவடியில் ஆவடிச் சாலை பிரியும் முனைக்கு அருகே வாழும் ஒரு குடும்பத்தை நாம் நன்கு அறிவோம். குடும்பத் தலைவிக்கு வயது 46. மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கினால் அவர் துன்புற்று வந்தார். பரிசோதித்ததில் கருப்பையில் நார்க்கட்டிகள் இருப்பதாகவும், புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் இல்லை என்றும் கூறினார்கள். கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்று முடிவாயிற்று. நாளும் குறித்தாயிற்று. மாற்றுத்துணி, பிளாஸ்க், செபமாலை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாயிற்று.

சேர வேண்டிய நாளுக்கு முந்திய மாலை நாம் அவர்கள் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அப்போது அவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, நாளைக்குப் போகாமலே இருந்துவிட்டால் என்ன? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கேட்டோம். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவத்தை எடுத்துக் காட்டினார். முழுவதும் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் மகள் படித்துப் பார்த்து, கருப்பையோடு சினைப்பைகளையும் எடுப்பதாக எழுதியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி எவரும் இவரிடம் பேசவேயில்லை. "டாக்டர் அம்மாவிடம் கேட்டிருக்கலாமே?" என்றோம். "அவர்கள் படித்தவர்கள், ஐயா. கோபித்துக்கொண்டால்?"

இந்த அச்சம் இவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று நம் நெடுஞ்சாலை நெடுக வரும் ஊர்ப் பெயர்கள், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய சாவடிகளை நினைவூட்டுகின்றன. இன்று அதே சாலையில் மருத்துவமனைப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே போய் ஒரு கேள்வி கேட்க நம்மவருக்கு நா எழுவதில்லை. ஒன்று, நீட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறோம். இல்லையேல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறோம்.

ஏறத்தாழ இதே நிலையில் தில்லியில் ஒரு பெண்மணி இருந்தார். சட்ட நூல்களில் 'சமீரா கோலி வழக்கு' என்று வழங்குவது அவருடைய வழக்கே. 1995-ஆம் ஆண்டு மே மாதம், 44 வயதான அவர் நீடித்த உதிரப்போக்குக்காக ஒரு மருத்துவரிடம் சென்றார். மறுநாள் மயக்கமருந்து கொடுத்து, வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனை நடந்தது. அவர் ஒப்பமிட்டது அதற்கே. அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண்விழித்த பிறகே அவருக்குச் செய்தி தெரிந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2008 ஜனவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம். அச்சிகிச்சை நோய்க்கு ஏற்றதாகவும் இருக்கலாம். ஆயினும் நோயாளியின் சம்மதம் இல்லாமையால் அது முறையற்றது என்றார்கள் நீதிபதிகள். சுயநினைவுள்ள, வயதுவந்த ஒருவருக்காக அவருடைய தாயார் ஒப்பமிட முடியாது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விலக்கு. சிகிச்சைக் கட்டணத்தை மறுத்து, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தார்கள். பதின்மூன்று ஆண்டு அலைச்சலுக்கு அந்தத் தொகை எம்மாத்திரம் என்று நமக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அத்தீர்ப்பினால் நமக்குக் கிடைத்தது பெரிது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன நேரும் என்பவற்றை முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை என்று ஆயிற்று. ஆகவே இவற்றைக் கேட்கும் நோயாளி அதிகப்பிரசங்கி அல்லர்.

தேவையின்றிக் கருப்பை அகற்றப்படுவதைப் பற்றிய பொதுநல வழக்கொன்றிலும் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்கும்படி மாநிலங்களுக்கு அது ஆணையிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த வீட்டுப் பாட்டியார் ஒரு கேள்வியைப் போட்டார்: "டாக்டர் சொன்ன வைத்தியத்தை வேண்டாம் என்பது பாவம் ஆகாதா?" நல்ல கேள்வி. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24 அன்று மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதனைத் தெளிவாக்கியிருக்கிறார். உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மிகுந்த சுமையாகும் வழிகளுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள் அல்லோம். அதோடு, நோயாளியைப் பொறுத்தவரை மருத்துவருக்குத் தனியானதோர் உரிமை இல்லை, நோயாளி தரும் அனுமதியைக் கொண்டே அவர் செயல்பட முடியும் என்றும் அவர் சொன்னார். பாட்டியார் அமைதியானார். ஆனால் நாம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னோம்: எளிய மருந்தால் தீரும் நோயை அசட்டையாக விட்டுவிடுவதற்கு இதில் சலுகை கிடையாது.

பிறகு காரியத்திற்கு வந்தோம். மகள் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டாள். சினைப்பைகளை ஏன் எடுக்க வேண்டும்? எடுத்தால் என்ன ஆகும்? மருந்தால் சில மாதம் பார்க்கலாமா? கட்டியை மட்டும் எடுக்க இயலுமா? காத்திருந்தால் இரத்தச்சோகை எவ்வளவு தூரம் போகும்? நான்காவது கேள்வியைத் தாயார்தாம் சொன்னார். "இது என் கேள்வி" என்று அழுத்திச் சொன்னார்.

காலையில் தொலைபேசியில் பேசினார்கள். வரமாட்டோம் என்று சொல்லவில்லை. "சிஸ்டர், எனக்குச் சில ஐயங்கள் இருக்கின்றன. டாக்டர் அம்மாவிடம் பேசித் தெளிவு பெறும்வரை ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்கவில்லை. இன்றைய பட்டியலில் என் பெயரை நிறுத்தி வையுங்கள்" என்றார். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் மகள் குறித்துக்கொண்டாள். இது முக்கியம். சொல்லாமல் நின்றுவிட்டால் அறுவை அரங்கும் மயக்கமருந்து மருத்துவரும் வீணே காத்திருப்பார்கள். வேறொரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய இடமும் வீணாகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி பெற்றிருந்தால் அந்தப் பிரிவிலும் சொல்லிவிட வேண்டும். அறுவைக்காக நிறுத்தச் சொன்ன மாத்திரைகளை மீண்டும் எப்போது தொடங்குவது என்றும் தவறாமல் கேட்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்கவோ சர்க்கரைக்கோ மருந்து உண்பவர்கள் இதை மறந்தால் விபரீதம்.

அன்று மாலையே நேரில் வரச் சொன்னார்கள். டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "முன்பே கேட்டிருக்கலாமே" என்று சற்றே கடிந்துகொண்டாராம், அவ்வளவுதான். மாதவிலக்கு நிற்கும் முன் சினைப்பைகளை எடுத்தால் அந்நிலை உடனே வந்துவிடும், எலும்பும் பலவீனப்படலாம் என்று விளக்கினார். அவற்றில் நோய் இல்லாவிடில் விட்டுவிடலாம் என்று சொல்லிப் படிவத்தில் அந்த வரியைத் தம் கையாலேயே அடித்துவிட்டார். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்றைப் பற்றியும் சொன்னார். கட்டிகள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது பயன்படலாம், பயன்படாமலும் போகலாம் என்றார். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் கேட்கலாம் என்று அறிக்கைகளின் நகல்களையும் கொடுத்தார். நகல் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

எல்லா இடத்திலும் இவ்வாறு நடக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். உள்நோயாளியாகச் சேர்ந்த பின் மறுப்பவரிடம், 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் செல்கிறேன்' என்று எழுதி வாங்குவது வழக்கம். அதைப் படித்துப் பார்த்து, தம் காரணத்தையும் எழுதி ஒப்பமிடலாம். மீண்டும் சிகிச்சைக்கு வருவதை அத்தாள் தடுக்காது. புற்றுநோய் என்று ஐயுறும் நிலையிலும், உதிரம் நில்லாமல் போகும் நிலையிலும் மேலே சொன்ன நிதானத்திற்கு இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அச்சகோதரிக்கு அந்தச் சாதனத்தை வைத்து ஆறு மாதமாகிறது. உதிரப்போக்கு குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. ஒருவேளை அறுவை செய்துகொள்ளவே நேரிடலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி போகிறார். பையில் செபமாலையோடு அந்தத் தாளும் இருக்கிறது. ஆறாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருப்பதாகச் சொன்னார்.