வாத்தியம் வேண்டாம், தோழமை வேண்டும்!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலே காலை வேளையில் நின்று பாருங்கள். லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்துப் பஸ்கள் வந்து நிற்கும். புத்தகப் பையுடன் மாணவ மாணவிகள் இறங்குவார்கள். கூப்பிடு தூரத்தில் புனித வளனார் கல்லூரி. பக்கத்திலேயே ஹோலி கிராஸ் கல்லூரி. குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் அவர்களில் உண்டு.

பாடத்தை ஆசிரியர் சொல்லித் தருவார். தோழமையை யார் சொல்லித் தருவார்?

விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அறைத் தோழன் கிடைப்பான். அப்துல் கலாம் 1950-களில் புனித வளனார் கல்லூரியில் படித்தார். அவருடைய அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். மற்றொருவர் கேரளக் கிறிஸ்தவர். ஆனால், மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஏது?

கடல் கடந்த மாணவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கூடிப் பாடுவதுதான் அது!

வாயே மத்தளம்

அமெரிக்கக் கல்லூரிகளில் வாத்தியம் இல்லாமல் பாடும் குழுக்கள் ஏராளம். இந்த முறைக்கு ‘அ கப்பெல்லா’ என்று பெயர். ஒருவர் மெட்டைப் பாடுவார். சிலர் கீழ்க்குரலில் சுருதி கூட்டுவார்கள். இன்னொருவர் வாயாலேயே தாளம் போடுவார்.

சீன வம்சாவளி மாணவர்கள் இப்படிச் சேர்ந்து சீனப் பாட்டுக்களைப் பாடுகிறார்கள். வீட்டோடு நின்றுவிட்ட தாய்மொழி, கல்லூரியிலே பாட்டாக நாவில் ஏறுகிறது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் ‘பென் மசாலா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் இணைத்துப் பாடினார்கள். 2009-ல் வெள்ளை மாளிகைத் தீபாவளி விழாவிலே அந்தக் குழு பாடியது!

நமக்குப் புதிதா?

சத்திரத்தில் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே பெருமாள் முன்னே திவ்யப் பிரபந்தத்தைக் கோஷ்டியாகச் சேவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். வாத்தியம் இல்லை. பல குரல் ஒரு குரலாக எழும்.

சென்னையிலோ, திரைப்பட இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் 1970-களில் இளைஞர்களையும் யுவதிகளையும் கூட்டி, பல இந்திய மொழிகளில் சேர்ந்திசை பாடப் பழக்கினார். 1988-ல் அவர் மறையும்வரை அந்தப் பணி நடந்தது.

கூடிப் பாடும்போது ஒருவர் முந்தினால் பாட்டுக் கெடும். ஒருவர் கத்தினாலும் கெடும். பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டால்தான் நம் குரல் சேரும். அவர் எந்த ஊர், என்ன சாதி, பணக்காரரா ஏழையா என்பதைச் சுருதி கேட்பதில்லை. நட்பின் முதல் பாடம் இதுதானே?

பெற்றோர்களே! இதற்கு ஒரு காசும் செலவில்லை. பகல் உணவு வேளையில் அரை மணி நேரமும், ஒரு மர நிழலும் போதும். மாலை பஸ்ஸும் தவறாது. உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். பாட்டிக்குத் தெரிந்த நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு இரண்டைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பாட்டு கல்லூரிக்குப் போகட்டும். கல்லூரித் தோழமை வீட்டுக்கு வரட்டும்!