தாய்ப்பாலூட்ட ஓர் அறை

ஈப்போவிலுள்ள அரசாங்க அலுவலகங்களுக்குச் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா முதலிய இடங்களிலிருந்து தாய்மார்கள் கைக்குழந்தையுடன் வருகின்றனர். காரியம் எதுவாயினும் எண் சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழந்தையின் பசியோ முறை பார்த்து வருவதில்லை. மறைவான இடம் இல்லாவிடில் தாய் கழிப்பறையை நாடுகிறாள். அல்லது புட்டிப்பாலைக் கொடுத்துவிடுகிறாள்.

தோட்டத்தில் இதற்கென ஓர் இடம் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்திற்குப் புறப்படும் தாய், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். கொட்டகை அருகிலிருந்தால், மரம் வெட்டி முடித்துப் பால் எடுக்கப் போகுமுன் ஓடிவந்து பாலூட்டிச் செல்லவும் முடிந்தது. அக்கொட்டகைகள் வசதி மிக்கவை என்று நாம் புகழப் போவதில்லை. ஆயினும் வேலை செய்யும் தாய்க்கு அருகிலேயே குழந்தைக்கும் இடம் வேண்டும் என்பது அங்கு ஏற்கப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தை வலியுறுத்தியது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறின. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. ஆயாக்கொட்டகை உடன் வரவில்லை.

புட்டிப்பாலினால் விளைந்த கேட்டை இந்நாடு முன்னரே கண்டதுண்டு. 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்பட ஓர் உரை நிகழ்த்தினார். இனிப்பூட்டிய டின்பாலைப் பச்சிளங் குழந்தைக்கு ஏற்றதெனக் கூறி விற்பதை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் நாட்டில் தனியார் துறைப் பெண்களுக்குரிய மகப்பேற்று விடுப்பு 1.1.2023 முதல் 98 நாட்கள். எஞ்சிய 12 வாரங்களுக்கு என்ன செய்வது? தாய்ப்பால் எடுக்க எடுக்கச் சுரப்பது. உரிய நேரத்தில் எடுக்காவிடில் மார்பில் கட்டிக்கொண்டு வலி உண்டாகும். நாளடைவில் சுரப்பும் குறையும். எனவே உடன் குழந்தை இல்லாத தாய்க்கும், பாலைக் கறந்து வைக்க அறை தேவை. கறந்த பால் குளிர்பெட்டியில் 4 நாட்கள் வரை கெடாது.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டு மாதம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நன்முயற்சிதான். ஆனால் அவற்றுள் சில பூட்டிக் கிடந்ததாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. சாவி எவரிடம் உள்ளதென்று தாய் தேடி அலைய வேண்டுமாயின் அறை இருந்தும் பயனில்லை. ஊழியர்களுக்கு மட்டும் என ஒதுக்கி, வெளியே காத்திருக்கும் பொதுமக்களை மறந்துவிடுவதும் அத்தகையதே. உட்புறம் தாழிடக்கூடிய கதவு, சாய்வுள்ள நாற்காலி, கைகழுவும் தொட்டி, மின்விசிறி, மின்செருகி: ஒரு சிற்றறைக்குள் இவை அடங்கிவிடும். அறை இருக்கும் திசையைக் காட்டும் பலகை தமிழிலும் இருப்பின் நம் பாட்டிமார்களும் மருமகளை அழைத்துச் செல்வர்.

இன்னுமொன்று. தாய் உள்ளே இருக்கும்பொழுது அவளது எண் அழைக்கப்படலாம். மறுபடியும் புதுச் சீட்டு வாங்கும்படி அவளை அனுப்பாமல், முகப்பிலுள்ள ஊழியர் அவள் வரும்வரை அவ்வெண்ணை நிறுத்தி வைக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.