பக்சாரில் வென்றவர், காஞ்சியில் தோற்றார்!

குட்டீஸ், திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் வழியில் திருப்பாச்சூர் என்று ஓர் ஊர் வரும். வாசீஸ்வரர் கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 240 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கோட்டையும் இருந்தது. ஆங்கிலேயர்களால் பெயரைச் சரியாகச் சொல்ல முடியாமல் 'திரிபசூர்' என்றார்கள். அந்தக் கோட்டைக்காக 1781-ல் சண்டை நடந்தது. ஏன் நடந்தது என்று தெரிய வேண்டுமா? அதற்கு ஓராண்டு பின்னால் போக வேண்டும்.

யார் இந்த மன்றோ?

ஹெக்டர் மன்றோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வரலாற்றுப் பாடத்தில் பக்சார் போர் வரும். 1764-ல் வங்காளத்தின் மீர் காசிம், அவத் நவாப், முகலாயப் பேரரசர் ஷா ஆலம் ஆகிய மூவரின் கூட்டுப் படையைக் கிழக்கிந்திய கம்பெனி தோற்கடித்தது. அந்தக் கம்பெனிப் படையின் தளபதிதான் மன்றோ. 1778-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்ததும் அவர்தான். 1780-ல் சென்னைப் படைக்கே அவர் தலைவர். 'மன்றோ இருக்கும்போது என்ன பயம்?' என்று கம்பெனி அதிகாரிகள் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதியைக் கலைக்க ஒருவர் வந்தார். அவர்தான் மைசூரின் ஹைதர் அலி!

புகை எழுந்த கிராமங்கள்

1780 ஜூலையில் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகத் தமிழகத்துக்குள் இறங்கினார். அவருடன் வந்தவர்கள் 80,000 பேருக்கு மேல். வேகமாகப் பாயும் குதிரைப் படை அவரது பெரிய பலம். கம்பெனியிடம் சொல்லிக்கொள்ளும்படி குதிரைப் படையே இல்லை.

ஹைதர் ஒரு கணக்குப் போட்டார். எதிரிப் படைக்குச் சோறு கிடைக்கக் கூடாது! அவரது குதிரை வீரர்கள் ஊர் ஊராகப் போய் வயல்களையும் வைக்கோல் போர்களையும் கொளுத்தினார்கள். ஆடு மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். பாவம், எந்தச் சண்டையிலும் சேராத விவசாயிகள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இந்தப் போரில் அதிகம் துன்பப்பட்டவர்கள் அவர்கள்தான்.

எங்கே சேருவது?

கம்பெனிப் படை இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்தது. சென்னையில் மன்றோவிடம் சுமார் 5,000 பேர். வடக்கே குண்டூரில் கர்னல் பெய்லியிடம் சுமார் 2,800 பேர். இருவரும் ஒன்று சேர வேண்டும். எங்கே?

'சென்னைக்குப் பக்கத்திலேயே சேருவோம்' என்றார் மெக்லியாட் என்ற அதிகாரி. அது பாதுகாப்பான யோசனை. மன்றோ கேட்கவில்லை. 'காஞ்சிபுரத்தில்தான் சேர வேண்டும்' என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். காஞ்சிக்குப் போகும் வழியெங்கும் ஹைதரின் குதிரை வீரர்கள் இருப்பதை அவர் பெரிதாக எண்ணவில்லை.

ஆகஸ்டு 24-ல் பெய்லி கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடைதான். ஆனால் உத்தரவு காஞ்சிக்கு! மறுநாள் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆறு கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது. 'களைத்துவிட்டோம், காலையில் கடக்கலாம்' என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார்.

அன்று இரவு மழை! ஆற்றில் வெள்ளம் கரை புரண்டது. பெய்லி செப்டம்பர் தொடக்கம் வரை, ஒரு வாரத்துக்கும் மேல், அதே கரையில் காத்துக் கிடந்தார். இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் தரும் அதே ஆறுதான், அன்று ஒரு படையையே நிறுத்தி வைத்தது.

அரிசி மூட்டைக்குக் காவல்

மன்றோ ஆகஸ்டு 29-ல் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே உணவு தயாராக இருக்கும் என்று ஆற்காடு நவாபை நம்பியிருந்தார். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை! ஊரில் அலைந்து திரிந்து கொஞ்சம் நெல்லைச் சேர்த்தார்கள்.

அதன் பிறகுதான் சிக்கலே. அந்த நெல்லையும் கனமான பீரங்கிகளையும் விட்டுவிட்டு நகர்ந்தால், ஹைதர் வந்து எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டு நகரலாம் என்றால் போதுமான வண்டி மாடுகள் இல்லை. பக்சாரில் பாய்ந்து சென்ற தளபதி, காஞ்சியில் நெல்லுக்குக் காவல் இருந்தார்!

செப்டம்பர் 6-ல் பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் பெய்லியைத் தாக்கினார். அங்கிருந்து காஞ்சி சுமார் 15 மைல் தூரம்தான். 'என்னால் வர முடியவில்லை, நீங்கள் வாருங்கள்' என்று பெய்லி சொல்லி அனுப்பினார். மன்றோ முழுப் படையோடு கிளம்பியிருக்கலாம். அல்லது யாரையும் அனுப்பாமல் இருந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் நடுவழி ஒன்றைப் பிடித்தார். சுமார் 1,000 பேரை மட்டும் கர்னல் பிளெட்சருடன் அனுப்பினார். ஏற்கெனவே இரண்டாக இருந்த படை இப்போது இன்னும் உடைந்தது!

புள்ளலூரில் விடிந்த காலை

பிளெட்சர் பத்திரமாகப் பெய்லியிடம் சேர்ந்தார். 9-ம் தேதி இரவு எல்லோரும் காஞ்சியை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் பெய்லி படையை நிறுத்தினார். விடிந்ததும் போகலாம் என்று நினைத்தார். ஆற்றங்கரையில் செய்த அதே தவறு!

10-ம் தேதி காலை, புள்ளலூர் அருகே திப்புவும் ஹைதரும் சூழ்ந்துகொண்டார்கள். பீரங்கிகள் முழங்கின. மைசூரின் ராக்கெட்டுகள் சீறின. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதோடு சண்டை முடிந்தது. பெரும்பாலோர் இறந்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் கம்பெனியிடம் சம்பளத்துக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் 1782-ல் இறந்தார்.

குண்டுச் சத்தம் கேட்டு மன்றோ புறப்பட்டார். வழியில் காயம்பட்ட ஒரு சிப்பாய் நடந்ததைச் சொன்னான். மன்றோ காஞ்சிக்குத் திரும்பினார். இத்தனை நாள் காவல் காத்த பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

திருப்பாச்சூர் கோட்டை

அடுத்து வங்காளத்திலிருந்து தளபதி அயர் கூட் வந்தார். அவர் மன்றோ போலப் படையைப் பிரிக்கவில்லை. ஆனால் அவரையும் அரிசியும் மாடுகளும் பாடாய்ப் படுத்தின. வேலூர்க் கோட்டையில் கம்பெனி வீரர்கள் பசியால் வாடினார்கள். அவர்களுக்கு உதவப் போகும் வழியில், 1781 ஆகஸ்டு 22-ல் திருப்பாச்சூர் கோட்டையைப் பிடித்தார். ஐந்து நாள் கழித்து அதே புள்ளலூர்ப் பகுதியில் மீண்டும் சண்டை. இம்முறை கம்பெனிப் படை சிதறவில்லை. யாருக்கும் முழு வெற்றியும் இல்லை. 1784-ல் மங்களூர் உடன்படிக்கையோடுதான் போர் முடிந்தது.

பாலைவன நரிக்கும் இதே கதி!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரோமலை 'பாலைவன நரி' என்றார்கள். வட ஆப்பிரிக்காவில் அவ்வளவு தந்திரமாகப் போரிட்டார். ஆனால் 1942-ல் எகிப்தின் எல் அலமெய்னில் தோற்றார். ஏன்? பெட்ரோல் கொண்டுவந்த கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. வந்த கொஞ்சமும் டோப்ருக் துறைமுகத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டும். வரும் லாரியே அதில் கொஞ்சத்தைக் குடித்துவிடும்! பெட்ரோல் இல்லாத டாங்கி, மாடு இல்லாத பீரங்கி வண்டி மாதிரிதான். அந்தப் போரில் ரோமலை எதிர்த்து நின்றவர்களில் இந்தியப் படையினரும் உண்டு.

மன்றோ கோழையும் அல்ல, ரோமல் முட்டாளும் அல்ல. ஆனால் படைக்குச் சோறு எங்கிருந்து வரும், யார் சுமந்து வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வெகுதூரம் போய்விட்டார்கள்.

தெரியுமா உங்களுக்கு?

* ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில், புள்ளலூர் வெற்றி பெரிய வண்ண ஓவியமாக இருக்கிறது.

* அமெரிக்காவின் நாசா நிலையம் ஒன்றில், திப்பு படையின் ராக்கெட்டுகளைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்து வியந்ததாக அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

* 1781 சண்டையில் இறந்த கம்பெனி அதிகாரிகளுக்காகப் புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் எழுப்பப்பட்டன.

ஒரு வேலை செய்யுங்கள். வரைபடத்தில் கும்மிடிப்பூண்டி, கொசஸ்தலை ஆறு, திருப்பாச்சூர், பேரம்பாக்கம், புள்ளலூர், காஞ்சிபுரம், சென்னை எல்லாவற்றையும் குறியுங்கள். நீங்கள் தளபதியாக இருந்தால் பெய்லியை எங்கே வரச் சொல்வீர்கள்? வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்!