முறுக்கிய கம்பியில் ஓடும் படம்

என் உறவினர் ஒருவரின் புழுங்கலரிசி ஆலையில் எடைமேடை வாசலில் இருக்கிறது. அங்கிருந்து ஆபீஸ் அறைக்கு 200 மீட்டர். எடைமேடையில் ஒரு கம்ப்யூட்டர் வைப்பதற்காக என்றோ லேன் கேபிள் இழுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு அந்தக் கேபிளில் 100 மீட்டர்தான் எல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேபிள் சும்மா கிடந்தது. கேமரா பொருத்த வந்தவர், படத்தை அதிலேயே கொண்டுவந்துவிடலாம் என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் மில் ஓடத் தொடங்கியதும் படம் கெட்டது. மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த விஎஃப்டி டிரைவ் வைத்திருந்தார்கள். அவை ஓடும்போதெல்லாம் திரை முழுக்கப் பொடிக் கோடுகள் பாய்ந்தன. லாரியின் நம்பர் பிளேட் தெரியவில்லை. கேமராவை மாற்றினார்கள், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆரையும் மாற்றினார்கள். கோடுகள் போகவில்லை. கடைசியில் கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே இருந்த எட்டு இழைகளில் வெள்ளை-ஆரஞ்சையும் வெள்ளை-பச்சையையும் எடுத்து இணைத்திருந்தார்கள். இரண்டும் நல்ல இழைகள், ஆனால் ஒரே ஜோடியைச் சேர்ந்தவை இல்லை.

லேன் கேபிளின் மேல்தோலை உரித்தால் நான்கு ஜோடிகள் தெரியும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு நிற இழையும் தன் வெள்ளைத் துணையோடு முறுக்கிக்கொண்டு போகும். இந்த முறுக்குக்கு வயது நூற்றுநாற்பதுக்கும் மேல். தொலைபேசி பிறந்த புதிதில் ஒற்றைக் கம்பியில் பேச்சை அனுப்பி, திரும்பும் வழியாகப் பூமியையே பயன்படுத்தினார்கள். பக்கத்துத் தந்திக் கம்பிகளின் சத்தமெல்லாம் அதில் புகுந்தது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளித்தொல்லை இரண்டிலும் சமமாக விழும், சமமாக விழுந்ததை நீக்கிவிடலாம் என்று கண்டு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881ல் காப்புரிமை பெற்றார். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இந்த முறுக்கும் அதற்குக் குறைந்ததல்ல.

ஒரே பரிசலில் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அலை வந்தால் பரிசல் ஏறி இறங்கும், இருவரும் சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். ஒருவர் தலைக்கும் மற்றவர் தலைக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. முறுக்கிய ஜோடியில் சிக்னல் என்பது அந்த வித்தியாசம்தான். கேமராவிலிருந்து வரும் வீடியோ ஏறத்தாழ 1 வோல்ட். அதன் உச்சத்தை ஓர் இழையில் +0.5, மற்றதில் -0.5 என்று பிரித்து அனுப்புகிறோம். வழியில் மோட்டாரின் தொல்லை 0.3 வோல்ட் ஏறுகிறது என்றால் ஒன்று 0.8 ஆகும், மற்றது -0.2 ஆகும். கழித்துப் பாருங்கள், அதே 1 வோல்ட். முறுக்கு இல்லாவிட்டால் மோட்டாருக்கு அருகில் இருக்கும் இழையில் தொல்லை கூடுதலாக ஏறும், கணக்குக் கெடும். முறுக்கும்போது இரண்டும் மாறி மாறி அந்தப் பக்கம் வருவதால் கணக்குச் சமமாகிறது. உறவினர் ஆலையில் நடந்தது, இருவரையும் வெவ்வேறு பரிசலில் ஏற்றியதுதான்.

பிரிப்பதும் கழிப்பதும் விரல் நீளமே உள்ள ஒரு சிறு பொருளின் வேலை. கடையில் வீடியோ பலூன் என்று கேட்டால் தருவார்கள். பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு என்ற இரண்டு சொற்களின் தலைகளை ஒட்டவைத்த பெயர் அது. கேமராவும் டிவிஆரும் 75 ஓம் வழக்கத்தில் பேசுபவை, லேன் கேபிள் 100 ஓம். இந்த இரண்டையும் பொருத்திவைப்பதும் பலூன்தான். பொருத்தம் இல்லாவிட்டால் சிக்னலில் ஒரு பங்கு முனையில் மோதித் திரும்பும். மொட்டைமாடி ஆன்டெனாக் காலத்து டிவியில் ஆளுக்குப் பக்கத்தில் நிழல் ஆள் தெரிந்ததே, அதுபோல.

ஜோடிக் கம்பியில் படம் அனுப்புவது புதிய யோசனை இல்லை. 1937 மே 12 அன்று லண்டனில் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தை பிபிசி நேரலையாகக் காட்டியபோது, ஹைட் பார்க் முனையிலிருந்து படத்தைக் கொண்டுபோனது இதே தத்துவத்தில், அதற்கென்றே செய்த இரட்டைக் கம்பிக் கேபிள். 1970ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெல் நிறுவனம் பிக்சர்ஃபோன் என்ற படத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் மூன்று ஜோடிகள்: பேச்சுக்கு ஒன்று, போகும் படத்துக்கு ஒன்று, வரும் படத்துக்கு ஒன்று. ஏறத்தாழ ஒவ்வொரு மைலுக்கும் தேய்ந்த சிக்னலைச் சரிசெய்து ஏற்றிவிட ஒரு கருவி வேண்டியிருந்தது. மாதக் கட்டணம் 160 டாலர். கம்பி தன் வேலையைச் செய்தது. அந்த விலைக்குப் போதிய ஆள் கிடைக்காமல் சேவை நிலைக்கவில்லை.

தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேகமாகத் துடிக்கும் அலைதான் முதலில் தேயும். கேட் 5 வகை லேன் கேபிளில் 300 மீட்டர் போனால் 1 மெகாஹெர்ட்ஸ் அலை பாதியாகும், 4 மெகாஹெர்ட்ஸ் அலை கால்வாசியாகும். நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் நிறம் உட்கார்ந்திருக்கும் இடம் 4.43 மெகாஹெர்ட்ஸ். அதனால் தூரம் கூடக் கூட, படம் மறைவதற்கு முன்பே நிறம் வெளிறும். மின்சாரம் தேவைப்படாத சாதா பலூனுக்கு 300 மீட்டர் வரை என்று சொல்வது இதனால்தான். எச்டி அனலாக் கேமராக்களின் அலைகள் இன்னும் பல மடங்கு வேகமாகத் துடிப்பவை. பழைய கணக்கை அவற்றுக்குப் போடக் கூடாது.

ஒலிக்கு இந்தக் கவலையே இல்லை. காதுக்குக் கேட்பதன் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ். அதைச் சில நூறு மீட்டர் கொண்டுபோவது ஒரு ஜோடிக்கு எளிது. அரங்குகளில் மூன்று முனை மைக் கேபிள் செய்வதும் இதே கழித்தல்தான். மைக்கின் மெல்லிய சிக்னலைப் புறப்படும் இடத்திலேயே பெருக்கி அனுப்பினால் போதும்.

சங்கடம் மின்சாரத்தில் வருகிறது. மீதி ஜோடிகளில் 12 வோல்ட்டை ஏற்றிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். 100 மீட்டருக்கு ஒரு ஜோடியின் தடை, போய்வர ஏறத்தாழ 17 ஓம். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 8.5 வோல்ட் கரைந்துவிடும். பகலில் நன்றாக இருந்த கேமரா இருட்டியதும் அணைந்துபோகிறது என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கேமராவின் அருகிலேயே அடாப்டர் வைப்பது நல்லது.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். புரொஜெக்டருக்கு விஜிஏ படத்தை இந்த வழியில் அனுப்பும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மூன்று ஜோடிகளில் போகின்றன. ஜோடிகள் ஒன்றுக்கொன்று சத்தம் கடத்தாமல் இருக்க ஒவ்வொன்றையும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்குகிறார்கள். நெருக்கமாக முறுக்கிய ஜோடிக்குக் கம்பி நீளம் கூடுதல், அதன் நிறம் தாமதமாக வந்து சேரும். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் பிசிறும். விலை கூடிய கேட் 6 கேபிளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அதிகம்.

ஆலையில் வெள்ளை-பச்சையைக் கழற்றிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சோடு அதன் சொந்தத் துணையான ஆரஞ்சை இரண்டு முனையிலும் இணைத்தோம். சில நிமிட வேலை. டிரைவ் ஓடிக்கொண்டிருந்தபோதே லாரியின் எண் தெளிந்தது. மாற்றிய கேமராவுக்கும் டிவிஆருக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

உங்கள் கடையிலோ வீட்டிலோ படத்தில் கோடு ஓடினால், எதையும் வாங்கும் முன் கேபிளின் இரண்டு முனைகளையும் பிரித்து ஜோடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கேபிள் வாங்குவதானால் ஓர் இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதை வாங்காதீர்கள்.