கதவு வகுத்த வடிவம்: சீனத்துக் கடின மர அலமாரிகள்

1567-இல் மிங் பேரரசர் லோங்சிங் காலத்தில் கடல் வணிகத் தடை தளர்ந்தது. வெப்பமண்டல நாடுகளின் கடின மரங்கள் சீனத் துறைமுகங்களுக்குத் தாராளமாக வந்தன. அந்த மரங்களில் சுஜோ நகரத் தச்சர்கள் இழைத்த அலமாரிகளை வகை பிரித்தறிய, கதவு எதில் தொங்குகிறது என்று பார்த்தாலே போதும்.

முதலாவது வட்டமுனை அலமாரி. இதற்கு உலோகக் கீல் கிடையாது. நம் பழைய வாசற்கதவைப் போல, சட்டத்தின் மேலும் கீழும் நீண்டிருக்கும் மரக்குடுமியில் கதவு சுழலும். மேற்குடுமிக்குக் குழி வெட்ட இடம் வேண்டும். அதனால் மேற்பலகை கால்களைத் தாண்டி நீள்கிறது, அதன் முனை உருட்டி இழைக்கப்படுகிறது. கால்கள் அடியில் சற்று அகன்று நிற்பதால் குடுமியும் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். திறந்த கதவை விட்டுவிட்டால், தன் எடையாலேயே மெல்ல மூடிக்கொள்ளும்.

இரண்டாவது சதுரமுனை அலமாரி. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த வெண்செம்புக் கீல்கள் வந்ததும் நீண்ட மேற்பலகை தேவையற்றுப் போனது. பக்கங்கள் செங்குத்தாயின, உச்சி தட்டையானது. தட்டையான உச்சியில் இன்னொரு சிறு பெட்டியை ஏற்றலாம். அப்படி ஏற்றிய அலமாரிகள் சுவரோரம் ஜோடியாக நின்றன. மேல்தட்டைத் திறந்துவிட்டு, கீழே மட்டும் கதவு வைத்தது இன்னொரு வகை. மிங்குக்குப் பின் வந்த சிங் பேரரசுக் காலத்தில் அந்தத் திறப்பு பெருகி, ஏறுக்குமாறான சிறு அறைகள் நிறைந்த கலைப்பொருள் மாடமாயிற்று.

மிங் காலத்தவர் விரும்பியது ஹைனான் தீவின் பொன்னிற ஹுவாங்ஹுவாலி மரம். அதன் கணுக்களில் தெரியும் சுழிகளைப் ‘பேய்முகம்’ என்பார்கள். சிங் அரண்மனை கருஞ்சிவப்பான ஸிதான் மரத்தை நாடியது. அது பெரும்பாலும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் செம்மரம்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

கதவுப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டுவதில்லை. காடிக்குள் செருகி விடுகிறார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பவும் குளிரில் சுருங்கவும் இடம் இருப்பதால் பலகை வெடிப்பதில்லை. சட்டங்களைப் பிணைப்பது ஆணியல்ல, துளையும் கழுந்தும்.

சீன மரச்சாமான் ஆய்வாளர் வாங் ஷிஷியாங் இந்த நுட்பங்களையெல்லாம் தேடித் தொகுத்து 1985-இல் நூலாக்கினார். அவர் சேகரித்த 79 மரச்சாமான்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பழைய வட்டமுனை அலமாரியைப் புதுப்பிப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தேய்ந்த குடுமியை அறுத்தெறிந்து பித்தளைக் கீல் அடித்தால் கதவு திறக்கும், மூடும். ஆனால் மேற்பலகை நீண்டதற்கும் கால்கள் சாய்ந்ததற்கும் இருந்த காரணம் அத்தோடு போய்விடும். தேய்ந்த குடுமிக்கு மாற்று, அதே மரத்தில் செதுக்கிய புதுக் குடுமிதான்.